மூளைத்தண்டின் செவிப்பாதையில் வீகுளூட் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடியாலஜி படிக்கும் மாணவர்கள், நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், காதில் ஓயாத இரைச்சல் (டினிட்டஸ்) என்று இணையத்தில் தேடித் தேடி இந்தப் பெயரில் வந்து நின்றவர்கள் என்று மூன்று தரப்பினரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படை. விஷயம் தெரிந்தவர்கள் ஆறாவது கேள்விக்கு நேரே போய்விடலாம்.

1. வீகுளூட்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

நரம்பு செல்லின் முனையில், 40 நானோமீட்டர் அளவில் குட்டிக் குட்டிப் பைகள் நிறைய இருக்கும். வெசிக்கிள் என்பது இதுதான். சமிக்ஞை வந்ததும் பை செல்லின் சவ்வோடு இணைந்து திறந்து, உள்ளே இருக்கும் குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் அடுத்த செல்லின் மேல் கொட்டும். அந்தப் பைக்குள் குளுட்டமேட்டை நிரப்பும் புரதம்தான் வீகுளூட். களத்தில் சாக்கு எவ்வளவு கிடந்தாலும், நெல்லை அள்ளிப் போட ஆள் இல்லையென்றால் மூட்டை கிடையாது; அந்த ஆள் இவர்.

ஒரு வெசிக்கிளில் வீகுளூட்-1 சுமார் 9 பிரதிகள் இருப்பதாக 2006-ல் ஒரு ஜெர்மன் குழு கணக்கிட்டது. நிரப்புவதற்கான சக்தி இந்தப் புரதத்துடையது அல்ல. பையின் சுவரில் இருக்கும் இன்னொரு புரதம் புரோட்டான்களை உள்ளே தள்ளி மின்னழுத்தம் உண்டாக்கும். வீகுளூட் அதைப் பயன்படுத்திக் குளுட்டமேட்டை உள்ளே இழுக்கும்.

2. 1, 2, 3ன்னு மூணு எதுக்கு? மூணும் ஒரே வேலைதானே?

வேலை ஒன்றுதான். மூன்றும் தனித்தனி மரபணுவிலிருந்து வருகின்றன, இருக்கும் இடமும் வேறு. வீகுளூட்-1 முதலில் 1994-ல் ஃபாஸ்பேட் கடத்தும் புரதம் என்ற பெயரில்தான் அறிமுகமானது. அது உண்மையில் குளுட்டமேட்டை வெசிக்கிளுக்குள் ஏற்றுகிறது என்று 2000-ல்தான் தெரிந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் மற்ற இரண்டும் அடையாளம் காணப்பட்டன.

பொதுவாக, பெருமூளைப் புறணி, ஹிப்போகாம்பஸ், சிறுமூளைப் புறணி ஆகிய இடங்களில் வீகுளூட்-1 அதிகம். தலாமஸிலும் மூளைத்தண்டிலும் வீகுளூட்-2 அதிகம். வீகுளூட்-3 அங்கங்கே மட்டும் தலைகாட்டும். குளுட்டமேட் செல் என்று யாரும் நினைக்காத செல்களில்கூட இருக்கும். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். செவிப்பாதை இந்த விதிக்கு அடங்குவதில்லை, அதனால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு நீளம்.

3. மூளைத்தண்டுல கேட்கிற பாதை எங்கே ஆரம்பிச்சு எங்கே போகுது?

உட்காதில் ஒலியை உணரும் சுருள் உறுப்பான காக்லியாவிலிருந்து செவி நரம்பு வருகிறது; மனிதருக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 30,000 இழைகள். அத்தனையும் முதலில் போய் முடிவது மூளைத்தண்டில் உள்ள காக்லியர் நியூக்ளியஸ் என்ற செல்கூட்டத்தில். இதற்கு வென்ட்ரல் (வயிற்றுப் பக்கம்), டார்சல் (முதுகுப் பக்கம்) என்று இரண்டு பகுதிகள். வென்ட்ரல் பகுதி நேரத்தையும் அளவையும் துல்லியமாகக் கடத்தும். டார்சல் பகுதி அடுக்கடுக்காக, ஏறத்தாழ சிறுமூளை போன்ற அமைப்பில் இருக்கும். காது அல்லாத இடங்களிலிருந்தும் செய்தி வாங்கும்.

அடுத்த நிறுத்தம், மூளைத்தண்டிலேயே இருக்கும் சுப்பீரியர் ஆலிவ். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை அதன் நடுப்பகுதியான எம்எஸ்ஓ கணிக்கிறது. சத்தத்தின் அளவு வித்தியாசத்தை ஓரப்பகுதியான எல்எஸ்ஓ கணிக்கிறது. இவற்றுக்குத் தடுப்புச் சமிக்ஞை அனுப்புவது எம்என்டிபி என்ற சிறு செல்கூட்டம். அப்புறம் பாதை நடுமூளையின் இன்ஃபீரியர் காலிகுலஸுக்குப் போகும்.

4. எந்த வகை எங்கே இருக்குன்னு ஒரே இடத்துல சொல்லிடுங்களேன்.

எலி, சுண்டெலி, கினிப்பன்றி ஆகியவற்றின் மூளைத் திசுவில், இந்தப் புரதங்களில் ஒட்டும் ஆன்டிபாடியால் ஒளிரவைத்துக் கண்டதை வைத்துச் சொல்கிறேன். வென்ட்ரல் காக்லியர் நியூக்ளியஸின் பெரிய செல்கள் உள்ள பகுதியில் வீகுளூட்-1 பிரகாசமாக இருக்கும். செவி நரம்பின் முனைகள் அங்கேதான் முடிகின்றன. டார்சல் பகுதியின் மேலடுக்கிலும் வீகுளூட்-1 அடர்த்தி, ஆனால் காரணம் வேறு (6-வது கேள்வி). இரண்டு பகுதிகளுக்கும் இடையிலும் ஓரங்களிலும் படர்ந்திருக்கும் சிறுமணி செல் பகுதியில் வீகுளூட்-2 கணிசமாக உண்டு.

சுப்பீரியர் ஆலிவில் வீகுளூட்-1, வீகுளூட்-2 இரண்டும் இருக்கும், பல இடங்களில் ஒரே முனையிலேயே. வீகுளூட்-3 அங்கே பிறந்த புதிதில் சில நாள் தெரிந்துவிட்டுக் குறைந்துவிடும். இன்ஃபீரியர் காலிகுலஸில் உள்ள பெரிய காபா செல்களின் (காபா என்ற தடுப்பு வேதிப்பொருளை வெளியிடுபவை) உடலை வீகுளூட்-2 முனைகள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் அந்தச் செல்லை அடையாளம் சொல்லிவிடலாம்.

5. ஸ்லைடுல செல் உள்ளே இருட்டா இருக்கு, சுத்தி மட்டும் புள்ளி புள்ளியா ஒளிருது. ஸ்டெயினிங் தப்பாப் போச்சா?

இல்லை, சரியாக வந்திருக்கிறது. வீகுளூட் வெசிக்கிளில் இருக்கும் புரதம். வெசிக்கிள் குவிந்து கிடப்பது ஆக்ஸானின், அதாவது செய்தி அனுப்பும் நீண்ட இழையின், முனையில். நீங்கள் பார்க்கிற இருட்டு உருண்டை செய்தியை வாங்குகிற செல். சுற்றியுள்ள புள்ளிகள் வேறெங்கோ இருந்து வந்த செல்களின் முனைகள்.

கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் வென்ட்ரல் பகுதியின் முன்பக்கத்துக்குப் போய், செவி நரம்பிடம் செய்தி வாங்கி சுப்பீரியர் ஆலிவுக்கு அனுப்பும் ஒரு புஷி செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். செல் உடலைச் சுற்றி இருப்பது தனித்தனிப் புள்ளிகளாக இருக்காது. தடித்த, விட்டு விட்டுப் போகும் வளையமாகத் தெரியும். ஹெல்டின் எண்ட்பல்ப் என்று சொல்லும் பெரிய முனைகள் அவை. குவியத்தை மெல்ல மேலே கொண்டுபோனால் வளையம் சுருங்கி, செல்லின் உச்சியில் ஒழுங்கற்ற திட்டாக மாறும். எனக்கு இன்றைக்கும் பார்க்க அலுக்காத காட்சி அது.

செல் உடலே ஒளிர வேண்டுமென்றால் புரதத்தைத் தேடாதீர்கள், அதன் எம்ஆர்என்ஏவை (புரதம் தயாரிப்பதற்கான மரபணு நகலை) தேடுங்கள். இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன் செய்தால் எந்தச் செல் இந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது என்பது செல் உடலில் தெரியும். இரண்டு முறைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அனுப்புவது யார், வாங்குவது யார் என்று முடிவுக்கு வர முடியும்.

6. அப்போ வீகுளூட்-1 தெரிஞ்சா அது செவி நரம்பு, வீகுளூட்-2 தெரிஞ்சா மத்தது. சரிதானே?

இதை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள்தான் அதிகம். கினிப்பன்றியில் 2007-ல் வந்த ஆய்வு, வீகுளூட்-1 செவி நரம்போடும், வீகுளூட்-2 முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுவரும் டிரைஜெமினல் வழியோடும் சேர்ந்திருப்பதைக் காட்டியது. முனைகளைத் தடயப் பொருளால் குறித்து, அதே முனையில் எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்த்தார்கள். நல்ல வேலை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, வீகுளூட்-1 இருக்கும் இடமெல்லாம் செவி நரம்பு என்று சொல்ல முடியாது.

முதல் காரணம், டார்சல் பகுதியின் மேலடுக்கு. அங்கே வீகுளூட்-1 கொட்டிக் கிடக்கும். செவி நரம்போ அந்த அடுக்குக்கு வருவதே இல்லை, கீழடுக்கோடு நின்றுவிடும். மேலே ஒளிர்வது சிறுமணி செல்களின் இணையிழைகள், அதாவது உள்ளூர் செல்களுடையவை. செவி நரம்பை முழுக்க அழித்துவிட்டாலும் அவை அங்கேயேதான் இருக்கும்.

இரண்டாவது காரணம், ஒரே முனையில் இரண்டு வகையும் சேர்ந்திருப்பது. புஷி செல்கள் இரண்டு மரபணுவையும் இயக்குகின்றன. அவற்றின் முனைகளிலும் இரண்டு புரதமும் தெரியும். ஆகவே வீகுளூட்-1 துணைச் சான்றுதான். பாதையை உறுதி செய்யத் தடயப் பொருள் வேண்டும், அல்லது நரம்பை வெட்டிவிட்டு எது மறைகிறது என்று பார்க்க வேண்டும்.

7. காது விஷயத்துல முகத்துக்கும் கழுத்துக்கும் என்ன வேலை?

நியாயமான கேள்வி. முகம், தாடையிலிருந்து டிரைஜெமினல் வழியும், கழுத்து, காது மடல் பக்கமிருந்து முதுகுத்தண்டின் மேல்பகுதி வழியும் காக்லியர் நியூக்ளியஸின் சிறுமணி செல் பகுதிக்குச் செய்தி வருகிறது. இந்த முனைகளில் பெரும்பாலும் வீகுளூட்-2 தான்.

பூனையை நினைத்துப் பாருங்கள். அது காது மடலைத் திருப்பினால், அதே ஒலி வேறு வடிவில் உள்ளே வரும். மடல் இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று டார்சல் பகுதிக்குத் தெரிந்தால்தான், ஒலி எங்கிருந்து வருகிறது என்று சரியாகக் கணிக்க முடியும். இன்னொரு பயன், தானே எழுப்பும் சத்தத்தைக் குறைத்துக் கேட்பது: மெல்லும்போதும் குரல் எழுப்பும்போதும் தாடை அனுப்பும் தகவல் அதற்கு உதவுவதாகக் கருதுகிறார்கள்.

8. ஹெல்டின் கேலிக்ஸ்ல ரெண்டு வகையும் இருக்காமே? ஒண்ணு போதாதா?

ஹான்ஸ் ஹெல்ட் 1893-ல் விவரித்த இந்த முனை, பாலூட்டி மூளையிலேயே மிகப் பெரிய முனைகளில் ஒன்று. எம்என்டிபியில் ஒரு செல்லுக்கு ஒரு கேலிக்ஸ். செல் உடலின் பெரும்பகுதியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெசிக்கிளை வெளியேற்றும் இடங்கள் மட்டும் அதில் நூற்றுக்கணக்கில். விநாடிக்குப் பல நூறு முறை தவறாமல் சமிக்ஞை கடத்த வேண்டும் என்பதால் அப்படி.

எலிக்குட்டியின் கேலிக்ஸில் வீகுளூட்-2 ஆரம்பத்திலேயே இருக்கிறது. குட்டி வளர வளர, கேட்கும் திறன் வரும் காலத்தை ஒட்டி வீகுளூட்-1 அதிகரிக்கிறது. வளர்ந்த பிறகு இரண்டும் அதே முனையில். ஏன் இரண்டு என்பதற்கு ஒரு ஊகம் உண்டு. வீகுளூட்-1-ன் வால் பகுதி எண்டோஃபிலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், வீகுளூட்-2 ஒட்டாது. எண்டோஃபிலின் வெசிக்கிளைத் திரும்ப மீட்டெடுக்கும் வேலையில் இருப்பது. அதனால் எந்த வகை இருக்கிறது என்பது வெசிக்கிள் எவ்வளவு சுலபமாக வெளியேறும், எப்படித் திரும்பும் என்பதை மாற்றலாம். ஹிப்போகாம்பஸ் செல்களில் இதற்கு ஆதாரம் உண்டு. கேலிக்ஸுக்கு அப்படியே பொருத்திப் பேச நான் தயங்குவேன்.

ஒன்று இல்லாவிட்டால் மற்றது ஈடுகட்டும் என்று நினைத்தாலும் தப்பு. உடல் முழுவதும் வீகுளூட்-2 இல்லாத சுண்டெலிகள் மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடன் இறந்துவிடும், ஏனென்றால் மூளைத்தண்டின் சுவாசச் சுற்று அதை நம்பியிருக்கிறது. வீகுளூட்-1 இல்லாதவை பிறந்து சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும்.

9. எம்என்டிபி தடுக்கிற செல்னு சொன்னீங்க. அதுல வீகுளூட்-3 எப்படி வந்துச்சு?

எல்லோரையும் ஆச்சரியப்படுத்திய கண்டுபிடிப்பு இது. எம்என்டிபியிலிருந்து எல்எஸ்ஓவுக்குப் போகும் முனைகள், வளர்ந்த விலங்கில் கிளைசின் என்ற தடுப்பு வேதிப்பொருளைக் கொட்டித் தடுப்பவை. ஆனால் பிறந்த முதல் வாரத்தில் அதே முனைகள் காபா, கிளைசினோடு குளுட்டமேட்டையும் வெளியிடுகின்றன என்று 2005-ல் தெரிந்தது. குளுட்டமேட்டை நிரப்புவது வீகுளூட்-3. அது அந்தக் காலத்தில்தான் அங்கே உச்சத்தில் இருக்கும்.

காரணமும் ஓரளவு பிடிபட்டது. எலிக்குட்டிக்குப் பிறந்து சுமார் 12 நாளில்தான் காது திறக்கும். அதற்கு முன்பே எல்எஸ்ஓவில் எந்த இணைப்பு எந்த சுருதிக்கு என்று ஒழுங்குபட வேண்டும். வேண்டாத இணைப்புகள் கழிய வேண்டும். வீகுளூட்-3 இல்லாத சுண்டெலிகளில் அந்தக் கழிதல் சரியாக நடக்கவில்லை என்று 2010-ல் காட்டினார்கள். வளர்ந்த எலியின் ஸ்லைடில் வீகுளூட்-3 தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர்ந்து போகிறவர்கள், விலங்கின் வயதை ஒருமுறை சரிபாருங்கள்.

10. வீகுளூட்-3 இல்லாத எலிக்குக் காதே கேட்காதாமே, இந்த எல்எஸ்ஓ விஷயத்தாலயா?

இல்லை, அது காதுக்குள்ளேயே நடப்பது. காக்லியாவின் உள்வரிசை மயிர் செல்கள் குளுட்டமேட் நிரப்ப நம்பியிருப்பது வீகுளூட்-3 ஒன்றைத்தான். அது இல்லையென்றால் மயிர் செல் ஒலியை உணர்ந்தாலும் நரம்புக்கு எதுவும் சொல்ல முடியாது. 2008-ல் இது வெளிவந்தது. அதே மரபணுவில் ஏற்படும் மாற்றம் சில குடும்பங்களில் மெல்ல மெல்லக் காது மந்தமாகும் நோய்க்குக் காரணம் என்றும் அதே ஆண்டு தெரிந்தது. 2012-ல் அந்த மரபணுவை வைரஸ் மூலம் காக்லியாவுக்குள் கொண்டுபோய், அந்தச் சுண்டெலிகளுக்குக் கேட்கும் திறனை மீட்டார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 9-ல் சொன்ன கோளாறு மூளைத்தண்டில் வீகுளூட்-3 இல்லாததாலா, அல்லது காக்லியாவிலிருந்து தன்னிச்சையான சமிக்ஞை வராமல் போனதாலா என்ற கேள்வி உடனே எழும். உடல் முழுவதும் மரபணுவை நீக்கிய விலங்கில் இதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

11. ஒரு காது பழுதாயிட்டா இந்தப் பரவல் மாறுமா?

மாறும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோரின் குழு கினிப்பன்றிகளில் ஒரு பக்கக் காக்லியாவைச் சேதப்படுத்திப் பார்த்தது. 2009-ல் வெளியான முடிவு: சேதமான பக்கத்து காக்லியர் நியூக்ளியஸில் செவி நரம்பு முடியும் இடங்களில் வீகுளூட்-1 குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தொடுவுணர்வு வழிகள் முடியும் இடங்களில் வீகுளூட்-2 கூடியிருந்தது. டிரைஜெமினல் உள்ளிட்ட தொடுவுணர்வு வழிகளின் முனைகளே அங்கே அதிகமாகின்றன என்பதை அதே குழு 2012-ல் காட்டியது.

அதாவது காதிலிருந்து வரவு குறைந்ததும் முகமும் கழுத்தும் அனுப்பும் வழிகளின் பங்கு கூடுகிறது. இதெல்லாம் சில வாரங்களிலேயே. வளர்ந்த மூளைத்தண்டு மாறாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய அடி.

12. அப்போ டினிட்டஸ் இதனாலதான் வருதா? தாடையை இறுக்கினா எனக்கு இரைச்சல் மாறுது சார்.

தாடையை இறுக்கினாலோ கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சலின் அளவோ சுருதியோ மாறுவது டினிட்டஸ் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு உண்டு, நீங்கள் கற்பனை செய்யவில்லை. 7-ம் 11-ம் சேர்த்துப் படித்தால் அதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது: தொடுவுணர்வு வழி டார்சல் பகுதியின் முக்கிய செல்களை எட்டுகிறது, காது பழுதானபின் அந்த வழியின் செல்வாக்கு கூடுகிறது.

ஆனால் ‘இதனால்தான்’ என்பதை ஏற்க மாட்டேன். விலங்குக்கு இரைச்சல் கேட்கிறதா என்பதை அதன் நடத்தையிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். அந்தச் சோதனைகளைப் பற்றியே வாதங்கள் உண்டு. டினிட்டஸில் கேட்கும் புறணி, கவனம், உறக்கம், பதற்றம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. புரதத்தின் பரவல் மாறியது என்பது ஒரு கண்ணி மட்டும். இந்தச் சிந்தனையிலிருந்து வந்த சிகிச்சை முயற்சி ஒன்று இருக்கிறது: ஒலியையும், கழுத்திலோ கன்னத்திலோ மெல்லிய மின்துடிப்பையும் குறிப்பிட்ட நேர இடைவெளியில் சேர்த்துத் தருவது. 2018-லும் 2023-லும் மனிதரிடம் செய்த முடிவுகள் வெளிவந்தன; இரைச்சலின் அளவு குறைந்ததாகச் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் தாடை, கழுத்து அசைவால் இரைச்சல் மாறுகிறவர்கள். எல்லா டினிட்டஸுக்கும் என்று நீட்டாதீர்கள். யூடியூபைப் பார்த்து வீட்டில் மின்துடிப்புக் கருவி ஒட்டிக்கொள்வதும் வேண்டாம்.

13. ஒளி ரெண்டு மடங்கா இருந்தா புரதமும் ரெண்டு மடங்குன்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். ஃப்ளூரசன்ஸ் அளவு பல விஷயங்களைப் பொறுத்தது: ஆன்டிபாடி திசுவுக்குள் எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு நேரம் ஃபார்மால்டிஹைடில் கிடந்தது, லேசர் எவ்வளவு, எந்தப் பிக்சல் உச்சத்தில் முட்டி நின்றது. கேலிக்ஸ் மாதிரி வெசிக்கிள் மண்டிய இடத்தில் பிக்சல்கள் எளிதில் முட்டிவிடும். அதற்கு மேல் கூடினாலும் படம் காட்டாது. மங்கலான சிறுமணிப் பகுதிக்காக லேசரைக் கூட்டிவிட்டு, அதே படத்தில் வென்ட்ரல் பகுதியை அளப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

புள்ளிகளின் எண்ணிக்கையையும் ஒரு புள்ளியின் ஒளி அளவையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எண்ணிக்கை கூடினால் முனைகள் கூடியிருக்கலாம். ஒளி மட்டும் கூடினால் அதே முனையில் வெசிக்கிளோ, வெசிக்கிளுக்கு வீகுளூட்டோ கூடியிருக்கலாம். இரண்டுக்கும் அர்த்தம் வேறு. ஆன்டிபாடி நம்பகமானதா என்பதற்கு, அந்த மரபணு நீக்கிய விலங்கின் திசுவில் ஒளி மறைகிறதா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

இன்னொன்று. ஒரு பக்கக் காதைச் சேதப்படுத்திவிட்டு மறுபக்கத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது வசதி. ஒரே ஸ்லைடு, ஒரே லேசர். ஆனால் 3-ல் சொன்ன பாதை இரு பக்கமும் குறுக்கே போகிறது. இரண்டு காக்லியர் நியூக்ளியஸுக்கும் இடையே நேரடி இணைப்பும் உண்டு. ‘நல்ல’ பக்கமும் மாறியிருந்தால் உங்கள் விகிதம் ஏமாற்றும். காதைத் தொடாத தனி விலங்குகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

14. எலி, கினிப்பன்றின்னே சொல்றீங்க. மனுஷனுக்கும் இதேதானா?

அடிப்படை அமைப்பு பொது: செவி நரம்பு குளுட்டமேட்டைத்தான் பயன்படுத்துகிறது, புஷி செல் உண்டு, சுப்பீரியர் ஆலிவ் உண்டு. வித்தியாசங்கள் சிறியவை அல்ல. மனித டார்சல் பகுதியில் எலிக்கு இருக்கும் தெளிவான அடுக்குகள் இல்லை, சிறுமணி செல்களும் குறைவு. 7, 11, 12-ல் சொன்னவை அந்தப் பகுதியை நம்பியிருப்பதால் இதை மறக்கக்கூடாது. மனிதருக்கு எம்என்டிபி இருக்கிறதா என்பதே வெகுகாலம் சர்ச்சையில் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இருக்கிறது என்கின்றன.

நம் எம்எஸ்ஓ நன்கு வளர்ந்தது, சுண்டெலியுடையது சிறியது. சுண்டெலியின் தலை சின்னது, அது கேட்பதும் உச்ச சுருதிகளை. தாழ்ந்த சுருதி கேட்கும் ஜெர்பில் என்ற எலியினம் இந்த விஷயத்தில் நமக்கு நெருக்கம். வயதும் ஒத்துப்போகாது: 9-ல் சொன்ன ‘காது திறப்பதற்கு முந்திய’ காலம் எலிக்குப் பிறந்த பிறகு, மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே. மனிதத் திசு கிடைப்பது இறந்த பிறகுதான், அதுவும் பல மணி நேரம் கழித்து. புரதம் அதற்குள் சிதையத் தொடங்கிவிடும்.

15. எம்ஆர்ஐ எடுத்தா என் வீகுளூட் எப்படி இருக்குன்னு தெரியுமா?

தெரியாது. எம்ஆர்ஐயில் காக்லியர் நியூக்ளியஸே சில மில்லிமீட்டர் திட்டு. வெசிக்கிள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சின்னது. இதற்கான ரத்தப் பரிசோதனையும் கிடையாது. குடும்பத்தில் பல தலைமுறையாகக் காது மந்தம் என்றால், வீகுளூட்-3-ன் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கும் மரபணுப் பரிசோதனைகள் உண்டு. அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூளைத்தண்டின் செவிப்பாதை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு இருப்பது ஏபிஆர் பரிசோதனை. தலையில் மின்வாய்கள் ஒட்டி, காதில் க்ளிக் ஒலி கொடுத்து, 10 மில்லிவிநாடிக்குள் வரும் அலைகளைப் பதிவு செய்வார்கள். முதல் அலை செவி நரம்பு, மூன்றாவது பெரும்பாலும் காக்லியர் நியூக்ளியஸ், ஐந்தாவது அதற்கும் மேலே. எந்த அலை சிறுத்தது, எது தாமதமானது என்று அது சொல்லும். எந்தப் புரதம் குறைந்தது என்று சொல்லாது.